கோரை அறுவடைக் கணக்கைக் கைபேசியில் பதிய உதவி வேண்டும்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் பாய் நெய்யும் பெண்கள் சிலருக்கு விற்பனையில் உதவி வருகிறேன். புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கோரைப்புல் பாயை, பட்டுப்போல் இருப்பதால், பட்டுப் பாய் என்பார்கள். அதன் மென்மைக்கு, பச்சையாக அறுத்த கோரையைக் காயவைத்து, நாட்கணக்கில் நீரில் ஊறப்போட்டு, அது உப்பிய பிறகு கத்தியால் நூல்போல் கீறி எடுக்கும் பக்குவமே காரணம். 100-க்கு மேற்பட்ட பாவு (நீளவாக்கு) இழைகள் கொண்ட நயம் பாயை நெய்து முடிக்கப் பல வாரங்கள் ஆகும். விலையைக் கேட்டதும் வாங்க வருபவர்கள் தயங்குகிறார்கள்.

எந்தக் கரையில், எந்த நாளில் அறுத்த கோரை, எத்தனை கட்டு, என்ன விலை என்ற கணக்கெல்லாம் ஒரே நோட்டில் இருக்கிறது. ஈரக்கை பட்டு அதில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. (கறுத்துப்போன கட்டு யார் கொடுத்தது என்று எங்களுக்குள்ளேயே இன்னும் வழக்கு நடக்கிறது.) இக்கணக்கைத் தமிழில், இணைய இணைப்பு இல்லாத ஆற்றங்கரையிலும், முடிந்தால் குரல்வழியே பதியக்கூடிய எளிய செயலியையோ விரிதாளையோ பயன்படுத்தியவர்கள் விவரம் தெரிவிக்க வேண்டுகிறேன். வாங்குபவர்கள் பார்க்கும்படி அப்பதிவைக் க்யூஆர் அட்டையாகப் பொருளுடன் இணைத்து விற்றவர்களின் அனுபவமும் தேவை. கட்டணச் செயலிகளுக்கு இப்போது வசதியில்லை.