விண்வெளி நிலைய நேரலையில் நீங்கள் மறக்காத காட்சி எது?

சர்வதேச விண்வெளி நிலையத்தின் நேரலையை முதன்முதலில் திறந்தபோது எனக்குக் கிடைத்தது வெறும் கறுப்புத் திரை. இணைப்பில் ஏதோ கோளாறு என்று நாலைந்து முறை மூடித் திறந்தேன். மாற்றமில்லை. அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது திரையின் குறுக்கே வில்லாக வளைந்த ஒரு மெல்லிய நீலக் கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தடித்து, ஓரிடத்தில் ஆரஞ்சாகி, சட்டென்று சூரியன் வெளியே வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றபடியே பார்த்தேன்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 27,600 கி.மீ. வேகத்தில் போகிறது. ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம்தான். ஒரு நாளைக்குப் பதினாறு விடியல். நான் கோளாறு என்று நினைத்தது பூமியின் இரவு.

அன்று பார்த்தது, 2014 ஏப்ரலில் நிலையத்தின் ஒரு பகுதியான கொலம்பஸ் ஆய்வுக்கூடத்தின் வெளிப்புறத்தில் பொருத்திய கேமராக்களின் படம். விண்வெளிக்கென்றே செய்தவை அல்ல, கடையில் கிடைக்கிற வகை வீடியோ கேமராக்கள் நான்கு. நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். அங்கே எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்று பார்ப்பதுதான் சோதனை. 2019 ஜூலையில் படம் வருவது நின்றது. ஆகஸ்டில் அவற்றின் ஆயுள் முடிந்ததாக நாசா அறிவித்தது. வேறு வெளிப்புறக் கேமராக்கள் இருக்கின்றன, சரி. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று மனசு கனத்துவிட்டது. ஐந்து வருடம் அவற்றின் கண்ணால் பூமியைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுடையதைச் சொல்லுங்கள்.

*

எனக்கு மொரிட்டேனியாவின் ரிஷாத் வளையம். சகாராவில் 40 கி.மீ. அகலத்துக்கு, தண்ணீரில் கல் விழுந்த அலை அப்படியே உறைந்ததுபோல இருக்கும் பாறை அமைப்பு. படத்தில் இடத்தின் பெயர் வராது என்பதால் சுற்றுப்பாதை வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். நிலையம் ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமி அடியில் திரும்பிவிடுவதால் அடுத்த பாதை 23 பாகை மேற்கே தள்ளிப் போகும். பாதை சரியாக அமைந்தால் அங்கே இரவாக இருக்கும். பகலாக இருந்தால் மேகம். இரண்டும் இல்லையென்றால் தொடர்பு அறுந்துவிடும். சிக்னல் 36,000 கி.மீ. உயரத்து செயற்கைக்கோள்கள் வழியாகத்தான் தரைக்கு வருகிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது படம் போய்விடும். கிடைத்த அன்று முழுதாக ஒரு நிமிடம்கூடத் தெரியவில்லை. ஆனால் கண்டுவிட்டேன்! பல மாதக் காத்திருப்புக்கு அது போதும்.

*

2018 செப்டம்பர், ஃபுளோரன்ஸ் சூறாவளி அமெரிக்கக் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நாட்கள். திரை முழுக்க வெள்ளை, நடுவே ஆழமான ஒரு குழி. சுழல்வது தெரியும் என்று எதிர்பார்த்தேன். தெரியவில்லை, நிலையம் அவ்வளவு வேகமாகக் கடந்துவிடுகிறது. சத்தமில்லாமல், பஞ்சுபோலக் கிடந்தது. அழகு என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் குழியைச் சுற்றியிருக்கும் மேகச் சுவரில்தான் காற்று உச்சத்தில் வீசும், அதன் பாதையில் மனிதர்கள் வீட்டை அடைத்துப் பூட்டிக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு செய்திகளில் வரும் புயல் படங்களை என்னால் வெறும் படமாகப் பார்க்க முடிந்ததில்லை.

*

நான் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பார்த்தேன். நிலையம் எங்கள் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தைப் பார்த்துவைத்து, பொழுது சாய்ந்தபின் கைபேசியில் நேரலையோடு மொட்டைமாடிக்குப் போனேன். தரையில் இருட்டிவிட்டாலும் 400 கி.மீ. மேலே இன்னும் வெயில் இருக்கும். அதனால்தான் நிலையம் நம் கண்ணுக்கு நட்சத்திரமாக ஒளிர்கிறது. கைபேசியில், கீழே மங்கலான கருநீலம், ஓரத்தில் நிலையத்தின் சூரிய மின்தகடு ஒன்று பொன்னாக மின்னியது. அந்தக் கருநீலத்துக்குள் எங்கோ நானும் நிற்கிறேன் என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது. கையைக்கூட அசைத்தேன்.

கிழக்கே பாதி தூரம் போனதும் வானத்துப் புள்ளி மங்கி, மறைந்தது. நேரலை கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். சில நொடி கழித்துக் கைபேசியிலும் அந்தத் தகடு சிவந்து அணைந்தது.