1942 கொழும்பை வைத்துச் சிறுவர் கதை எழுதலாமா?

வெள்ளவத்தை வாசகி: மகளுக்குப் பதினொரு வயது. யுத்தக் கதை கேட்டால் கடையில் லண்டன் குண்டுவீச்சைத்தான் நீட்டுகிறார்கள். சரி, நானே எழுதலாம் என்று பார்க்கிறேன். எதில் தொடங்க?

கொட்டாஞ்சேனையான்: 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலையில் ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. முதல் நாளே கனடா விமானி பேர்ச்சல் அவர்களின் கப்பல்படையைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுப் பிடிபட்டார். குதிரைப்பந்தயத் திடல் அப்போது விமான ஓடுதளம், அதை விடாதீங்கோ!

ஓய்வுபெற்ற ரீச்சர்: தளபதிகள் வேண்டாம் தங்கச்சி. பூசைக்குப் புதுச்சட்டை போட்ட பிள்ளை, துறைமுகத்தில் வேலைக்கு நிற்கும் அப்பா, போதும். சாவையும் மறைக்காதீங்கோ, பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெள்ளவத்தை வாசகி: நன்றி ரீச்சர். மகள் இப்போதே கேட்கிறாள், அந்தக் குதிரைகளெல்லாம் எங்கே போனதாம்?