பிள்ளையார் கோயில் தெரு குடியிருப்போர் குழு

ஆட்டோ ரவி: மீனா அக்கா, உங்கள் பையனுக்கு இப்போது பரவாயில்லையா? பஸ் ஸ்டாப்பில் வலிப்பு வந்து வெட்டி வெட்டி இழுத்தது. ஆட்டோ சாவியைக் கையில் கொடுத்தேன், உடனே நின்றுவிட்டது.

மீனா: தூங்குகிறான் தம்பி. ஓடி வந்ததற்கு நன்றி. யாரோ வாயில் ஸ்பூனை விட்டிருக்கிறார்கள், முன்பல் ஓரம் உடைந்திருக்கிறது.

முருகேசன்: நாக்கைக் கடித்துக்கொள்வான் என்று டீக்கடைக்காரர் வைத்தார். நல்ல எண்ணத்தில்தான் அம்மா.

சாந்தி சிஸ்டர்: எண்ணம் நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? கடிபட்ட நாக்கு ஆறிவிடும் சார், உடைந்த பல் முளைக்குமா? அந்தத் துண்டு மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால்?

ஆட்டோ ரவி: அப்போ சாவி? தாத்தா காலத்திலிருந்து இரும்புதானே சிஸ்டர்!

சாந்தி சிஸ்டர்: கொடுக்காவிட்டாலும் நின்றிருக்கும் ரவி. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கும். ஆள் ஓடி வந்து, சாவியைத் தேடி, மடங்கிய விரலைப் பிரித்துத் திணிப்பதற்குள் அடங்குகிற நேரம் வந்துவிடும். பேர் சாவிக்கு 🙂

சாந்தி சிஸ்டர்: இனிமேல் சாவிக்குப் பதில் மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. தலைக்கடியில் ஒரு துண்டு. கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முழு நினைவு வரும்வரை சோடா, தண்ணீர் எதுவும் வேண்டாம்.

ஆட்டோ ரவி: சரி சிஸ்டர். இருந்தாலும் சாவியால் நஷ்டம் இல்லையே 😀

மீனா: உள்ளங்கையில் கீறியிருக்கிறது தம்பி. சின்னதுதான்.

பார்வதி பெரியம்மா: மீனா, இன்று அமாவாசையாச்சே. மந்திரித்துக் கயிறு கட்டிவிடு.

மீனா: அமாவாசையெல்லாம் இல்லை பெரியம்மா. பரீட்சைக்கு விடிய விடியப் படித்தான், ராத்திரி மாத்திரையை விட்டுவிட்டான். ரொம்ப நாளாக வராமல்தான் இருந்தது.

சாந்தி சிஸ்டர்: அதேதான். தூக்கம் கெட்டாலும் வரும், மாத்திரை விட்டாலும் வரும். சரியான சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

பார்வதி பெரியம்மா: எல்லாம் சரி, வெளியே மூச்சு விடாதே. நாளைக்குப் பெண் பார்க்க வேண்டாமா? சட்டமே கூடாது என்றதே.

வக்கீல் குமார்: சொன்னது உண்மைதான் பெரியம்மா. இந்து திருமணச் சட்டத்தில் பைத்தியத்தோடு சேர்த்து வலிப்பையும் எழுதி வைத்திருந்தார்கள். 1999-இல் நீக்கிவிட்டார்கள். இப்போது மறைத்துக் கட்டி வைத்தால்தான் வம்பு.

மீனா: நாங்கள் மறைக்கப் போவதில்லை அண்ணா.

கலா டீச்சர்: சிஸ்டர், ஒரு சந்தேகம். என் மூன்றாம் வகுப்பில் ஒரு பாப்பா. எழுதிக்கொண்டே இருப்பாள், பென்சில் நின்றுவிடும். பத்து விநாடி வெறித்த பார்வை, இமை மட்டும் துடிக்கும். அப்புறம் விட்ட எழுத்திலிருந்து தொடர்வாள். தினமும் பல தடவை. போன வருட ரிப்போர்ட் கார்டில் ‘கவனம் இல்லை’ என்று இருக்கிறது.

சாந்தி சிஸ்டர்: அதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம் டீச்சர். இதில் கீழே விழ மாட்டார்கள், அதனால் யார் கண்ணிலும் படாது. அடுத்த தடவை மொபைலில் வீடியோ எடுத்து அவள் அம்மாவிடம் கொடுங்கள். நரம்பு டாக்டர் வேகமாக மூச்சு இழுத்து விடச் சொல்வார், பெரும்பாலும் அவர் முன்னாலேயே வந்துவிடும். வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்து உறுதி செய்துகொள்வார்கள்.

மீனா: டீச்சர், அந்த அம்மாவுக்கு என் நம்பரைக் கொடுங்கள்.

ஆட்டோ ரவி: அக்கா, பல் டாக்டரிடம் போக வண்டி வேண்டுமா?

மீனா: ஆறு மணிக்கு வா தம்பி.