“எத்தனை நாள் வருவீர்கள், அக்கா?”

வழிகாட்டி ஒருவர்

துணை தேவைப்படும் பிள்ளைகளைத் தொடர்ந்து சந்தித்துப் பழகும் வழிகாட்டி நான். எனக்கு ஒப்படைக்கப்பட்ட பையனுக்கு அப்போது பதினைந்து வயது. பெற்றோர் பிரிந்திருந்தார்கள். அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். முதல் சந்திப்பில் நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை. கிளம்பும் நேரத்தில் மட்டும் ஒன்று கேட்டான்: “எத்தனை நாள் வருவீர்கள், அக்கா?”

எனக்கு முன்பு வந்தவர் சொல்லாமலே நின்றுவிட்டார் என்பது பிறகு தெரிந்தது. “ஒரு வருடம் உறுதி. வர முடியாத நாளில் முன்கூட்டியே நானே கூப்பிட்டுச் சொல்வேன்” என்றேன். இந்த வேலையில் பாதிக்கு மேல் அந்த வாக்கைக் காப்பாற்றுவதுதான் என்று நான் நம்புகிறேன். அமெரிக்க ஆய்வாளர்கள் கிராஸ்மனும் ரோட்ஸும் 2002-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த வழிகாட்டி–பிள்ளை உறவுகளில்தான் பிள்ளைகளுக்கு அதிகப் பலன். மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளிலோ, பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பே குறைந்திருந்தது. பாதியில் விட்டுப் போகிறவர் பிள்ளையின் மனதைப் புண்படுத்திவிட்டுப் போகிறார்.

எதிரெதிரே உட்கார்ந்து பேசச் சொன்னால் அவன் இறுகிப் போவான். அவனுடைய பழைய சைக்கிளைக் கழற்றிப் பூட்டத் தொடங்கிய பிறகுதான் பேச்சு வந்தது. கண்கள் சங்கிலியில் இருக்கும்போது அப்பாவைப் பற்றிச் சொல்வது அவனுக்கு எளிதாக இருந்தது. நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கேட்டேன், ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

ஒருநாள் மாலை, “எல்லாவற்றையும் முடித்துக்கொண்டால் நிம்மதி” என்றான். பேச்சை மாற்றத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் பயிற்சியில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: நேரடியாகக் கேட்பதால் தற்கொலை எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உலக சுகாதார நிறுவனமும் இதை வலியுறுத்துகிறது. “தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறாயா?” என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்டேன். நெடுநேரம் கழித்துத் தலையசைத்தான். அவன் சொல்வது என்னோடு இருக்கும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உரியவர்களிடம் சொல்வேன் என்று தொடக்கத்திலேயே பேசி வைத்திருந்தோம். அதை நினைவூட்டிவிட்டு, அவன் எதிரிலேயே, வழிகாட்டிகளைப் பிள்ளைகளோடு சேர்த்துவைக்கும் ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். மனநல ஆலோசகர் வரும்வரை பக்கத்தைவிட்டு நகரவில்லை. அவன் என்மேல் கோபப்பட்டான். அடுத்த வாரமும் வந்தான்.

வழிகாட்டியின் துணையோடு வளர்ந்தவர்

நான் மறுபக்கத்தில் இருந்தவன். என் பதின்ம வயதில் ஓர் அண்ணா வந்துகொண்டிருந்தார். அவர் சொன்ன அறிவுரைகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. ஆனால் என் தேர்வு எந்தத் தேதியில் என்பதை அவர் நினைவில் வைத்திருந்தார். தேர்வு முடிந்த அன்று மாலை கூப்பிட்டு, “எந்தக் கேள்வி கடினமாக இருந்தது?” என்று கேட்டார். வீட்டில் யாருக்கும் அன்று எனக்குத் தேர்வு என்பதே தெரியாது. கல்லூரி விண்ணப்பத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்ப வைத்தவரும் அவர்தான்.

ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களைத் தாங்கியவற்றுள் முக்கியமானது, நம்பிச் சாய்ந்துகொள்ளப் பெற்றோரைத் தவிரவும் ஒரு பெரியவர் இருந்தது. அதைப் படித்தபோது அண்ணாவை நினைத்துக்கொண்டேன்.

ஒருங்கிணைப்பாளர் ஒருவர்

சைக்கிள் கதையை எழுதியவருக்கு என் நன்றி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தொடங்குவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், முடிப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருமுறை வழிகாட்டி ஒருவருக்கு வேலை மாற்றம் வந்தது. பிள்ளைக்குச் சொன்னால் அழுவாளே என்று தயங்கினார். சொல்லத்தான் வேண்டும் என்று நான் உறுதியாக நின்றேன். சில வாரங்களுக்கு முன்பே, நேரில், காரணத்தோடு சொன்னார். “உன்னால் அல்ல” என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவள் அழுதாள்தான். ஆனால் கடைசிச் சந்திப்பில் என்ன செய்யலாம் என்று அவளே திட்டம் போட்டாள். அடுத்து வந்த வழிகாட்டியிடமும் பேசினாள். காரணம் தெரியாத பிள்ளைகள் பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள். அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம், பின்னணிச் சரிபார்ப்பு, பயிற்சி இவற்றுக்கும் முன்பாக, அடுத்த ஓராண்டில் இடமாற்றம், மேற்படிப்பு, பிரசவம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். இருந்தால், இப்போதைக்குப் பிள்ளை எவரையும் தனியாக ஒப்படைப்பதில்லை. குழுவாக நடக்கும் படிப்பு வகுப்புகளில் உதவச் சொல்கிறேன். அங்கே ஒருவர் விலகினாலும் மற்றவர்கள் இருப்பார்கள்.