தக்கலை வீட்டுக் குழுவில் ஒரு கவசம்

வெள்ளிக்கிழமை

மாலை 5.12 அம்மா: (படம்) ஃபிரிட்ஜ் வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பெட்டியில் மூன்று ஓட்டை போட்டு அபி உள்ளே புகுந்துவிட்டான். கவசமாம்.

5.13 கலா சித்தி: ஐயோ, கை எங்கே?

5.13 அம்மா: உள்ளேதான். வெளியே விட்டால் மடக்க முடியவில்லை. சற்று முன் சாய்ந்து விழுந்தான். கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரிக் கிடந்தான், நான்தான் தூக்கி நிறுத்தினேன்.

5.15 நான்: எதற்கு அம்மா கவசம்?

5.18 அம்மா: போன வாரம் பாட்டா உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போனாரே, டச்சுப் படையில் வந்த டிலனாயின் கல்லறையைப் பார்த்ததிலிருந்து இதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை நம் முற்றத்தில் குளச்சல் போர். தெருப்பிள்ளைகள் எல்லாரும் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை. டச்சுப் பக்கம் இவன் ஒருவன்தான்.

5.21 குலசேகரம் மாமா: 1741இல் தோற்றவர்களுக்குக் கவசம் வேறா? மருமகனே, துப்பாக்கி வந்த பிறகு காலாட்படை இரும்புக் கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டது. குண்டைத் தாங்காத இரும்பை யார் சுமப்பார்கள்? உனக்கு ஒரு கோட்டும் தொப்பியும் போதும்.

5.22 அம்மா: இது அபி. டிலனாய் தோற்ற பிறகு நம் படைக்கே தளபதி ஆனார். எனக்குக் கவசம் வேண்டும்.

5.24 கலா சித்தி: நாளை மார்த்தாண்டம் கல்யாணத்துக்கு யார் யார் வருகிறீர்கள்?

5.40 பாட்டா: அபி சொல்வது சரி. பிடித்துவந்த ஆளிடமே ராஜா படையை ஒப்படைத்தார். டிலனாய் 1777இல் இறந்தார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது, தமிழை இவனே விரல் வைத்து வாசித்தான். கவசம் செய்யட்டும் லதா. ஆனால் அந்தப் பெட்டியை விடு.

5.41 கலா சித்தி: அப்பா ஒரு விரலால் ஏதோ பெரிதாக எழுதிக்கொண்டிருக்கிறார். காப்பி ஆறிவிட்டது. கூப்பிட்டால் காதில் விழவில்லை.

6.07 பாட்டா: ஃபிரிட்ஜ் பெட்டி ஐந்தடுக்கு அட்டை. வளைக்கப் பார்த்தால் ஒடியும். மளிகைக் கடையில் பிஸ்கட் வந்த பெட்டி கேள், அது மூன்றடுக்கு. நேரே அட்டையில் கத்தரி வைக்காதே. செய்தித்தாளை அவன் நெஞ்சில் வைத்து அளவெடு. கழுத்திலும் அக்குளிலும் சட்டைக்கு வெட்டுவதைவிட இரண்டு விரல் கூடுதலாக இறக்கு. துணி விட்டுக்கொடுக்கும், அட்டை விட்டுக்கொடுக்காது. அட்டையின் ஓரத்தைப் பார், நடுவில் அலை அலையாக ஒரு தாள் இருக்கும். அந்த வரிகள் மேலிருந்து கீழாக ஓடும்படி வை, பாய் சுருள்வது போல உடம்பைச் சுற்றி வரும். குறுக்காக வைத்தால் நெஞ்சுக்குழியில் மடிந்துபோகும்.

6.09 அம்மா: தோளுக்கு, அப்பா?

6.26 பாட்டா: ஒரே துண்டாக வைத்ததுதான் இன்றைய வினை. மூன்று விரல் அகலத்தில் நான்கு பட்டை வெட்டு. ஓடு வேய்வது போல ஒன்றின்மேல் ஒன்று ஒரு விரல் ஏறி இருக்கட்டும். உட்பக்கம் நடுவே ஒரு நாடாவை மட்டும் ஒட்டு. ஓரங்களில் பசை படக் கூடாது. கையைத் தூக்கினால் பட்டைகள் தாமாக ஒன்றின்கீழ் ஒன்று நுழையும். இடுப்புக்குக் கீழேயும் இதே வேலைதான்.

6.28 குலசேகரம் மாமா: முழங்கைக்குச் சிரட்டை. ஒட்டுவதற்கு ஒரு குப்பி ரப்பர் பால் கொண்டுவரவா?

6.28 அம்மா: வேண்டவே வேண்டாம் அண்ணா. அது தலைமுடியில் பட்டால் கத்தரிதான். மைதாப் பசை போதும்.

சனிக்கிழமை

காலை 8.30 அம்மா: பசை தடவித் தாள் ஒட்டினேன். காலையில் பார்த்தால் முறம் மாதிரிப் பின்பக்கமாக வளைந்து கிடக்கிறது.

8.44 பாட்டா: ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அப்படித்தான். மறுபக்கமும் தாள் ஒட்டி, காஸ் சிலிண்டரைச் சுற்றிக் கட்டிவை. காலிச் சிலிண்டராகப் பார்.

8.59 அம்மா: (படம்) சிலிண்டர் போருக்குத் தயார். வெளியே சாரல், எப்போது காயுமோ.

9.05 நான்: விளிம்பில் கடலைப்பருப்பை வரிசையாக ஒட்டுங்கள். தட்டைப் பக்கம் அட்டையில் இருக்கட்டும். சாயம் அடித்தால் ஆணித்தலை மாதிரியே இருக்கும்.

9.08 குலசேகரம் மாமா: சாயம் முதலில் கறுப்பு. காய்ந்ததும் வெள்ளியைப் பஞ்சில் தொட்டு மேட்டிலும் விளிம்பிலும் மட்டும் ஒற்று. முழுக்க வெள்ளி அடித்தால் கேக் வாங்கிய அட்டை மாதிரி ஆகிவிடும்.

மாலை 3.50 அம்மா: வெயில் வந்ததே என்று வராந்தாவில் வைத்தேன். கோழி அத்தனை ஆணியையும் கொத்தித் தின்றுவிட்டது.

3.50 அம்மா: யாரும் சிரிக்க வேண்டாம். இவன் அழுகிறான்.

3.52 குலசேகரம் மாமா: டச்சுப் படையை வென்றது கோழி.

3.53 கலா சித்தி: குன்றிமணி ஒட்டலாமே?

3.54 நான்: சித்தி, அது விஷம். உடைந்து யார் வாயிலாவது போனால் ஆபத்து.

4.10 பாட்டா: அபி மக்களே, அழாதே. கடையை மூடியபோது எடுத்துவைத்த பொத்தான் டப்பா இருக்கிறது. நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

4.11 கலா சித்தி: கல்யாணத்துக்கு நான் மட்டும்தான் வந்திருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

காலை 9.20 அம்மா: (படம்) கழற்றாமலே உட்கார்ந்து புட்டும் பயறும் சாப்பிட்டான். பொத்தான்கள் எல்லாம் சட்டைப் பொத்தான், நடுவில் ஒன்று மட்டும் பாட்டாவின் கல்யாணக் கோட்டுப் பொத்தான்.

11.05 நான்: போர் என்னவாயிற்று?

11.31 அம்மா: நடக்கவில்லை. கவசத்தைப் பார்த்ததும் எல்லாரும் டச்சுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். ராஜாவின் பக்கம் பாட்டா மட்டும் தென்னை மட்டையோடு நிற்கிறார். மளிகைக் கடையில் இன்னும் ஏழு பெட்டி சொல்லியிருக்கிறேன்.