அரைக் கட்டை ஏறிய அம்மாவின் குரல்

எங்கள் வீட்டுப் பரணில், துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்றில் 14 கேசட்டுகள் இருந்தன. 1986, 87ஆம் ஆண்டுகளில் அம்மாவுக்குப் பாட்டு வாத்தியார் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்ததைத் தாத்தா பதிவு செய்து வைத்த சி-60 கேசட்டுகள் அவை. சென்ற மழைக்காலத்தில், வேறு வேலை ஓடாத மாலைகளில், அவற்றைக் கணினிக்கு மாற்ற உட்கார்ந்தேன்.

நாடாவை, அதிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு பாதிக் கேசட்டுகளில் பசை விட்டு உதிர்ந்திருந்தது. பக்திப் பாடல் கேசட் ஒன்றைத் திருகாணி கழற்றித் திறந்து, அதன் கூட்டுக்குள் நம் நாடாச் சுருளை இடம் மாற்றினேன். ஹெட்டின் பக்கத்தில் உள்ள பொடித் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பியதும், அதுவரை கம்பளிக்குள்ளிருந்து பாடியதுபோல் கேட்ட வாத்தியாரின் வல்லின எழுத்துகள் பளிச்சென்று காதில் விழுந்தன. அந்த ஒரு கணத்துக்காகவே இன்னும் 14 கேசட்டுகளைத் திறக்கலாம் என்று தோன்றியது.

மோகன வர்ணம் இருந்த பக்கத்தை அம்மாவிடம் போட்டுக்காட்டியபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. சற்று நேரம் கேட்டவர், "இது நானில்லை, ஐந்தரைக் கட்டையில் நான் பாடியதே கிடையாது" என்றார். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. கைபேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்துப் பார்த்தேன். பக்கத்தின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஐந்து கட்டையில் இருந்த சுருதி, சிறுகச் சிறுக ஏறி, முடிவில் ஐந்தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாத்தியாரும் கூடவே ஏறியிருந்தார்.

காரணத்தைச் சொன்னவரும் அம்மாதான். மின்சாரம் போன மாலைகளில் தாத்தா பேட்டரிக் கட்டைகளைப் போட்டுப் பதிவு செய்வாராம். கேசட் நாடா வினாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும், பேட்டரி தளர்ந்தால் பதியும்போதே மோட்டார் சுணங்கி, அதே பாட்டு குறைந்த நீள நாடாவில் அடங்கிவிடும். பின்னாளில் சரியான வேகத்தில் ஓட்டும்போது அது விரைந்து, உயர்ந்து ஒலிக்கும். வேகத்தில் 6 விழுக்காடு வேறுபட்டாலே சுருதி அரைக் கட்டை நகர்ந்துவிடும். ஆகப் பேட்டரிக் கட்டை இறங்க இறங்கச் சுருதிக் கட்டை ஏறியிருக்கிறது.

ஐந்து கட்டைக்கு 196 ஹெர்ட்ஸ் என்று பாடப்புத்தகக் கணக்கில் திருத்தப் போனவனை அம்மா தடுத்து, அலமாரியின் மேலிருந்து அந்நாளைய சுருதிப் பெட்டியை இறக்கச் சொன்னார். துருத்தியில் ஒட்டுப்போட்டு அமுக்கினால், அதன் பித்தளை நாக்குகள் 193இல் நின்றன. பதிவு முழுவதும் பின்னால் முனகிக்கொண்டிருப்பது அதே பெட்டிதான் என்பதால், அதையே அளவுகோலாகக் கொண்டேன். ஆடாசிட்டி மென்பொருளில் டைம் டிராக் என்றொரு வசதி உண்டு. அதில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளியாக வேகத்தை இறக்கிக்கொண்டே போனேன். 30 நிமிடப் பக்கம் ஏறத்தாழ 31 நிமிடமாக நீண்டது.

மறுபடி கேட்டபோது அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்றைக்கு எனக்கு ஜலதோஷம்" என்றார்.

* * *

மேலே எழுதியவர் பேட்டரியால் பட்டார். நான் மின்சாரத்தால் பட்டேன். அப்பாவின் பஜனைப் பதிவுகளில் அடிநாதமாக, மின்சாரம் கிளப்பும் ஓர் இரைச்சல் கேட்கும். நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், அந்த இரைச்சலை 50க்குக் கொண்டுவந்தால் வேகம் தானே சரியாகிவிடும் என்று எங்கோ படித்து, அப்படியே செய்தேன். இரைச்சல் 48.5இல் இருந்ததால் வேகத்தை 3 விழுக்காடு கூட்ட வேண்டியிருந்தது. கூட்டியதும் அப்பாவின் குரலில் பத்து வயது குறைந்துவிட்டது. எனக்கோ அது பெருமையாகக்கூட இருந்தது.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமா கேட்டுவிட்டுச் சிரித்தார். தேவை கூடும் மாலை நேரங்களில் தென்மண்டல மின்தொகுப்பின் அதிர்வெண் அந்நாளில் 48.5க்கும் கீழே இறங்குவது வழக்கமாம். 2003இல் அதிர்வெண்ணைப் பொறுத்துக் கட்டணம் மாறும் முறை வந்த பிறகுதான் அது கட்டுக்குள் வந்தது என்றார். வீட்டு ஆர்மோனியத்தை எடுத்து வைத்து ஒப்பிட்டேன். திருத்தாத பதிவோடுதான் அது ஒத்துப்போனது. செய்த திருத்தத்தை அழித்துவிட்டு, அப்பாவை அவர் வயதுக்கே திருப்பி அனுப்பினேன்.