இரவு டம்ப் போதுமா, வால் ஆர்க்கைவும் வேண்டுமா?

நிரலன்_திருச்சி:
போஸ்ட்கிரெஸ் 16 டேட்டாபேஸ், தரவு 300 ஜிபி. தினமும் இரவு 2 மணிக்கு, டேட்டாபேஸை ஒரு கோப்பாக எடுக்கும் பிஜி_டம்ப் ஓடி, கோப்பு வேறொரு சர்வருக்குப் போகிறது. இதோடு நிறுத்தலாமா, வால் (WAL, ஒவ்வொரு மாற்றமும் முதலில் எழுதப்படும் பதிவு) கோப்புகளை வேறிடத்தில் சேர்த்துவைக்கும் ஆர்க்கைவும் போடணுமா?

ரூட்_சுப்பு:
போட்டே ஆகணும். மாலை 6 மணிக்கு டிஸ்க் போனால் 16 மணி நேர வேலை காலி. வாரம் ஒரு பிஜி_பேஸ்பேக்கப் (தரவுக் கோப்புகளை அப்படியே நகலெடுப்பது), நடுவில் வரும் வால் கோப்பெல்லாம் ஆர்க்கைவுக்கு. யாராவது 'வேர்' (எந்த ரெக்கார்டு என்ற நிபந்தனை) போடாமல் டெலீட் அடித்தாலும் அதற்கு முந்தைய நிமிடத்துக்குத் திரும்பலாம். டம்ப்பில் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) கிடையாது, அதைக் கட்டும் கட்டளைதான் இருக்கும். ரீஸ்டோரில் அத்தனையும் முதலிலிருந்து கட்டணும்.

கடைசி_கமிட்:
சுப்பு சார், பாதிக் கதைதான் சொல்றீங்க. வால் கோப்பை ஆர்க்கைவுக்கு அனுப்பும் ஆர்க்கைவ்_கமாண்ட் தோற்றால் அந்த வால் கோப்பை போஸ்ட்கிரெஸ் அழிக்காது. அவை கிடக்கும் பிஜி_வால் அடைவு வீங்கி டிஸ்க் நிரம்பினால் சர்வரே படுத்துவிடும். அதற்கு ஒரு பெர்மிஷன் மாறினால் போதும். பேஸ் பேக்கப் அதே மேஜர் வெர்ஷனில்தான் எழும். அதையும் டெபியன் லினக்ஸ் 9-இலிருந்து 10-க்குக் கொண்டுபோனால், அதிலுள்ள ஜிலிப்சி 2.28 (லினக்ஸின் அடிப்படை நூலகம்) எழுத்து வரிசையை மாற்றியிருக்கும். டெக்ஸ்ட் இண்டெக்ஸ் சத்தமில்லாமல் தப்பாகி, இருக்கிற ரெக்கார்டையே இல்லை என்கும். டம்ப்புக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

ரூட்_சுப்பு:
அதற்கு இண்டெக்ஸைத் திரும்பக் கட்டும் ரீஇண்டெக்ஸ் இருக்கிறது. டிஸ்க் விஷயத்தில், பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவரில் ஃபெயில்டு_கவுண்ட் (தோல்வி எண்ணிக்கை) ஏறினால் அலர்ட் வரட்டும். உங்கள் டம்ப் மட்டும் சாதுவா? மணிக்கணக்கில் ஒரே ஸ்னாப்ஷாட்டை (தொடங்கிய நொடியில் தரவு இருந்த நிலையை) பிடித்திருக்கும், அதுவரை செத்த ரெக்கார்டுகளை, அவற்றைத் துப்புரவு செய்யும் வேக்யூம் தொட முடியாது. நடுவில் டேபிளின் அமைப்பை மாற்றும் ஒரு ஆல்டர் டேபிள் வந்தால் அது காத்திருக்கும், அதன் பின்னால் அந்த டேபிளின் செலக்ட்டும் வரிசைகட்டும்.

பகல்_ஷிப்ட்:
டம்ப்பை ரெப்ளிகாவில் (முதன்மை சர்வரைத் தொடர்ந்து நகலெடுக்கும் சர்வரில்) எடுத்தால் என்ன?

ரூட்_சுப்பு:
எடுக்கலாம் தம்பி. ஆனால் அங்கே வந்த வாலைப் பூசும் ரீப்ளே, ஓடும் குவெரிக்காகக் காத்திருக்கும் நேரமான மேக்ஸ்_ஸ்டாண்ட்பை_ஸ்ட்ரீமிங்_டிலே இயல்பில் 30 விநாடிதான். ரீப்ளேயோடு மோதினால் டம்ப் பாதியில் ரத்தாகும்.
2017 ஜனவரி 31-இல், கோட் சேமிப்புத் தளமான கிட்லாபில் நடந்தது ஞாபகமா? தவறான சர்வரில் தரவு அடைவை அழித்துவிட்டு டம்ப்பைத் தேடினால், அதைப் போட்டுவைக்கும் ஆன்லைன் சேமிப்பான பக்கெட் காலி. போஸ்ட்கிரெஸ் சர்வர் 9.6, ஓடியதோ 9.2-இன் பிஜி_டம்ப், அதனால் அது தோற்றுக்கொண்டே இருந்தது. எரர் மெயிலும் டிமார்க் என்ற அனுப்புநர் சோதனையில் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. காப்பாற்றியது 6 மணி நேரம் பழைய எல்விஎம் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் நகல்).

கடைசி_கமிட்:
அது டம்ப்பின் குற்றமா? யாரும் திறந்து பார்க்காததன் குற்றம். பார்க்காத ஆர்க்கைவும் அப்படித்தான், நடுவில் ஒரு 16 எம்பி வால் கோப்பு தொலைந்தால் அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் வீண். டம்ப் ஒவ்வொரு டேபிளையும் முழுக்கப் படிக்கும், கெட்ட பக்கம் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே கத்தும். செக்சம் (பக்கம் கெட்டதைக் காட்டும் சரிபார்ப்பு எண்) போடாத சர்வரில் பேஸ் பேக்கப் அதையும் சேர்த்து நகலெடுக்கும்.

நிரலன்_திருச்சி:
சரி, இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். குறிப்பிட்ட நேரத்துக்குத் திரும்ப என்ன செய்யணும்? வால் கோப்பு நிரம்பாவிட்டாலும் ஆர்க்கைவுக்கு அனுப்பவைக்கும் ஆர்க்கைவ்_டைம்அவுட் எவ்வளவு?

ரூட்_சுப்பு:
காலி தரவு அடைவில் பேஸ் பேக்கப்பை விரித்து, அது முழுசா எனப் பார்க்க பிஜி_வெரிஃபைபேக்கப் ஓட்டு. ரீஸ்டோர்_கமாண்ட் (ஆர்க்கைவிலிருந்து வால் கோப்பை எடுக்கும் கட்டளை), ரெகவரி_டார்கெட்_டைம் (திரும்ப வேண்டிய நேரம்) இரண்டையும் எழுது. நேரத்தோடு +05:30 போட மறக்காதே, சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். ரெகவரி.சிக்னல் என்ற காலிக் கோப்பை வைத்து ஸ்டார்ட் செய். இலக்கில் தானாக நிற்கும். தரவைப் பார்த்து, சரியென்றால் மட்டும் பிஜி_வால்_ரீப்ளே_ரெஸ்யூம் ஓட்டி ரெகவரியை முடி. பிறகு புது பேஸ் பேக்கப் ஒன்று.
டைம்அவுட் 60 விநாடி என்றால் தரவு எழுதுவது குறைவாக இருந்தாலும் நாளுக்கு 23 ஜிபி வரை போகும். 5 நிமிடம் வை, 4.6 ஜிபிதான்.

கடைசி_கமிட்:
டம்ப் பக்கம்: பிஜி_டம்ப்பில் ரோல்கள் (பயனர் கணக்குகள்) வராது, பிஜி_டம்ப்ஆல் --குளோபல்ஸ்-ஒன்லி தனியே எடுங்க. டைரக்டரி ஃபார்மேட்டில் எடுத்தால் -ஜே 8 வைத்து இணையாக ஓட்டலாம். ரீஸ்டோர் முடிந்ததும் அனலைஸ் (தரவின் புள்ளிவிவரம் சேர்ப்பது), இல்லாவிட்டால் முதல் நாள் குவெரியெல்லாம் தவழும். 5 நிமிடம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை சார், பணம் புழங்கும் டேபிள் என்றால், வாலை உடனுக்குடன் இழுக்கும் பிஜி_ரிசீவ்வால் தொடர்ந்து ஓடணும்.